பாறையை ஒட்டி வளைந்த சுவர்

பாகலூருக்கு அப்பால் நாங்கள் வாங்கிய நிலத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு பாறை கிடந்தது. வெடி வைத்து எடுத்துவிடலாம் என்றார்கள். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் படம் போட்ட பெண்ணும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். பாறையைப் பார்த்தபடி அரைவட்டமாக ஒரு நீளச் சுவர், அதன் பின்னால் வரிசையாக அறைகள், மேலே அதே வளைவில் கூரை என்று படம் வந்தது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். முடியளவு கூடினாலும் பார்ட்டைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போடுகிறவன். வளைந்த வீட்டை எப்படிச் சரிபார்ப்பது என்பதே என் கவலையாக இருந்தது.

மேஸ்திரிக்குக் கன்னடம் தாய்மொழி. வட்டமாகக் கிணறுதான் கட்டியிருக்கிறேன், வீடு கட்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பாறை மேல் துளை போட்டுக் கம்பி நட்டு, அதில் கயிறு கட்டி, கயிற்றின் நுனி போன வழியிலேயே கல்லை அடுக்கினார்.

சுவர் இடுப்பளவு எழும்பிய ஞாயிற்றுக்கிழமை, கம்பியிலிருந்து டேப் பிடித்து அளந்தேன். ஓரிடத்தில் நாலு விரல் வெளியே போயிருந்தது. மழையில் கயிறு இளகியிருக்க வேண்டும். இடித்துக் கட்டச் சொன்னேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "ஒடச்சிடறேன் சார். கயிறு பிடிச்சது நானு, தப்பு என்னுது" என்று கடப்பாரை எடுக்கப் போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அளவு அளவுதானே என்று நின்றேன்.

மனைவி சுவரின் மேல் உள்ளங்கையை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். பிறகு திரும்பியும் நடந்து வந்தாள்.

"ஏங்க, எந்த எடம்னு கையில தெரியவே இல்ல. நீங்களும் வந்து பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். எனக்கும் தெரியவில்லை. படம் போட்ட பெண்ணுக்குப் போன் செய்தேன். பலத்துக்கு ஒன்றும் குறைவில்லை, கூரையைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம் என்றார். இடிக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. பீரோ நடுவில் மட்டும் சுவரோடு ஒட்டுகிறது, இரண்டு ஓரமும் விலகி நிற்கின்றன. அந்தச் சந்தில் மனைவி பாயைச் சுருட்டிச் செருகிவிடுகிறாள். முதல் ஷிப்ட் முடிந்து வரும் நாட்களில், வெயில் தாழ்ந்ததும் பாறை மேல் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். வெயில் குடித்த கல் அப்போதும் இளஞ்சூடாக இருக்கும். அடுப்படியிலிருந்து மனைவி பேசுவது, சுவர் வளைந்திருப்பதாலோ என்னவோ, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கிறது.