ஆறு மணி நேரம்தானே

பிரான்சுக்குச் சொந்தமான இந்த ரெயூனியோன் தீவில் நான் இந்தியா என்றதும் ஊர் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்கிறார்கள், ஏதோ நாளைக்கே பஸ் ஏறப்போகிறவர்கள் மாதிரி. சென்னைக்கு ஆறு மணி நேரம் என்பேன். அவ்வளவுதானா என்பார் பக்கத்து வீட்டு மதாம் முத்துசாமி. பெயரைத் தவிர அவரிடம் தமிழ் கிடையாது. அவருடைய முப்பாட்டனார் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்து, திரும்பிப் போகவே இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், விமானம் தினமும் கிடையாது, சென்னையில் இறங்கி ஈசிஆர் சாலையில் புதுச்சேரிக்கு இன்னும் மூன்று மணி நேரம் என்று என் அரைகுறை பிரெஞ்சில் என்னத்தைப் புலம்புவது?

எங்கள் மீனவக் குப்பமான வைத்திக்குப்பத்திலும் இதே கதைதான். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொள்கிற புதுச்சேரிப் பெண் பாரிசுக்குத்தான் போவாள். என் கணவருக்கு வேலை இங்கே கிடைத்ததில் அப்பாவுக்கு ஒரே பெருமை. பாரிசைவிடக் கிட்டத்தில் இருக்கிறாள் என்று மீன் ஏலம் விடுகிற இடத்தில்கூடச் சொல்வாராம். சாயங்காலம் படகு இறக்கி விடிந்ததும் திரும்புகிற மனிதருக்கு ஆறு மணி நேரம் ஒரு தூரமா என்ன?

போன மாதம் இங்கே புயல். எங்கள் குப்பத்தில் புயல் என்றால் படகுகளை மேலே இழுக்க ஊரே கரைக்கு ஓடும். இங்கே தலைகீழ். 'அலெர்த் ரூஜ்' என்று சிவப்பு எச்சரிக்கை விட்டுவிட்டால் வாசலைத் தாண்டக் கூடாது, மீறினால் அபராதம். விமான நிலையத்தையும் இழுத்து மூடிவிட்டார்கள். கரண்ட் இல்லாத வீட்டில் நானும் கணவரும் முடங்கிக் கிடந்தபோதுதான் தம்பி கூப்பிட்டான். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை.

ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டான். புயலைச் சொன்னேன். அங்கே வெயில் காய்கிறது, அவனுக்கு எப்படிப் புரியும்?

"ஆறு மணி நேரம்தானேக்கா" என்றான்.

அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவன் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிறவரைக்கும் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். எனக்காக அப்பா கிடந்தார், அப்பாவுக்காக ஊர்ப் படகெல்லாம் மணலில் கிடந்தன. மறுநாளும் எச்சரிக்கையை எடுக்கவில்லை. எடுத்தாலும் அடுத்த சென்னை விமானம் எப்போது என்று சொல்ல ஆளில்லை. தம்பி மறுபடி பேசினான். எத்தனை நாளானாலும் பெண் வரட்டும் என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்களாம். அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அத்தனை வீட்டு அடுப்பையும் என் ஒருத்திக்காக எப்படி அணைத்து வைப்பது? ஆனால் அப்பாவின் முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. தோளைத் தொட்ட கணவரின் கையை உதறினேன்.

"எடுத்துடுங்கடா" என்றேன்.

"நீ பாக்க வேணாமாக்கா?"

"வேணாம். எடுத்துடுங்க."

போனை வைக்காதே என்று மட்டும் கெஞ்சினேன். மேளச் சத்தம் கேட்டது. தூக்கிவிட்டார்கள் என்றான் தம்பி. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பின்னாலேயே தெருமுனைவரை போய், அங்கே விழுந்து அழுதுவிட்டுத் திரும்புவார்கள். நானும் எழுந்து அப்பாவின் பின்னால் போனேன். கூடத்தைத் தாண்டி, செருப்பு விடுகிற இடம்வரை. அதற்கு மேல் கதவு. அங்கேயே விழுந்து அழுதேன்.