விரத நாளில் குளத்தில் இறங்கியவள்

ஜேமாமணி இறந்த பிறகு ஊர் அவளைப் புண்ணியவதி என்றது. உயிரோடு இருந்தவரை மீன்காரி என்றது. ஒடிசாவின் அந்தக் கிராமத்தில், உழவர் வீட்டு விதவைக்கு அதைவிடக் கேவலமான பெயர் கிடையாது.

ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்த ஊர்க் குளத்தைப் பஞ்சாயத்து பெண்கள் குழுவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தபோது ஆண்கள் சிரித்தார்கள். கூலிக்கு நாற்று நட்டுப் பாதி வயிறு சாப்பிட்ட எட்டுப் பெண்கள், ஜேமாமணி தலைமையில், குளத்தைச் சுத்தம் செய்து ரோகு, கட்லா குஞ்சுகளை விட்டார்கள். மீன் முழங்கை நீளம் வளர்ந்ததும் சிரிப்பு நின்றது. பழைய குத்தகைக்காரர் ஹாடிபந்து மட்டும், "இந்த வருஷம் மீன் பொய்த்தா குளம் என்கிட்டதான் வரும்" என்று சொல்லித் திரிந்தார். பஞ்சாயத்தின் நிபந்தனையும் அதுதான்.

கார்த்திக மாதம் முழுக்க ஊர் மீன் தொடாது. முடிந்த மறுநாள் மீனுக்கு அடித்துக்கொள்ளும். விற்பனை அன்றைக்குத்தான். மாதத்தின் கடைசி ஐந்து நாள் கொக்குகூட மீன் தின்னாது என்பார்கள். கொக்கை யாரும் விசாரித்ததில்லை.

அந்த ஐந்து நாளில் மேகம் மூடியது. வெயில் இல்லாமல் தண்ணீரில் காற்று குறைந்தது. விடிந்தபோது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இறங்கித் தண்ணீரை அடித்துக் கலக்கினால் பிழைக்கும். ஆனால் எட்டுப் பேரும் விரதம். மீன் உடம்பில் பட்டால் விரதம் போச்சு.

கரையில் ஆண்கள் கூடி விவாதித்தார்கள். நாம் மீனைத் தொட்டால் குற்றம். மீனே வந்து தொட்டால்?

"அண்ணி, உங்க விரதம்தான் ஊருக்கே காவல். இறங்காதீங்க" என்றார் ஹாடிபந்து, மிகுந்த பக்தியோடு.

"அப்ப நீங்க கரையிலேயே நின்னு காவல் காருங்க, கொழுந்தனாரே. செத்த மீனுக்குத் திவசம் வைக்க ஆள் வேணும்ல."

சேலையை வரிந்து கட்டி, மூங்கில் கழியோடு இறங்கினாள் ஜேமாமணி.

"அக்கா, சாமி கேட்டா?" என்றாள் குழுவிலிருந்த குந்தளா.

"நான்தான் தள்ளிவிட்டேன்னு சொல்லுடி!"

மற்ற ஏழு பேரும் குதித்தார்கள். உச்சிவெயில் எட்டிப் பார்க்கும்வரை தண்ணீரை அடித்தார்கள். கொஞ்சம் மீன் செத்து மிதந்தது. மற்றவை பிழைத்துக் கீழே போயின.

விரதம் கெட்டவர்களின் மீனைத் தின்னலாமா என்று ஊர் யோசித்தது. மாதம் முடியும்வரை யோசித்தது. மறுநாள் கரையில் வரிசை. முதல் ஆள் ஹாடிபந்து.

"பெரிய கட்லாவா பாருங்க, அண்ணி."

"தீட்டு மீனாச்சே?"

"மஞ்சள் போட்டுக் கழுவிக்கிறோம்."

"நல்லாக் கழுவுங்க. குளம் எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கட்லாவைத் தராசில் போட்டாள் ஜேமாமணி.