சாய்தளம் இருந்தது, ஓட்டு இல்லை

போன தேர்தல் சமயம், காரைக்கால் பக்கம் எங்கள் நெடுங்காட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. நடக்க முடியாது. ஆனால் தையல் மெஷினில் ராணி. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் பட்டினச்சேரி வரைக்கும் போய் ரவிக்கை கொடுத்துவிட்டு வருவாள்.

ஊனமுற்றவர்கள் வீட்டிலிருந்தே முன்கூட்டி ஓட்டுப் போடலாம் என்று படிவம் கொடுத்தார்கள். வெயிலில் அவள் எதற்கு அலைய வேண்டும் என்று நானே பூர்த்தி செய்து, என் போன் நம்பரையும் எழுதி, "இதுல ஒரு கையெழுத்துப் போடுக்கா" என்று நீட்டினேன். வேலை மும்முரத்தில் படிக்காமலே போட்டாள்.

அதிகாரிகள் ஓட்டு வாங்க இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார்களாம். எனக்கு மெசேஜ் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. கல்யாண சீசன், இரண்டு தடவையும் அக்கா துணி கொடுக்கப் போயிருந்தாள். ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நடக்க முடியாதவள் எந்நேரமும் வீட்டிலேயே கிடப்பாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரர்கள் இதை என்னிடம் சொன்னபோது, பூத்தில் போட்டுக்கொண்டால் போச்சு என்று நானும் விட்டுவிட்டேன். அவளிடம் சொல்லக்கூட இல்லை.

தேர்தலன்று அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டாள், நானும் கூடப் போனேன். பூத்தில் சாய்தளம் என்ன, சக்கர நாற்காலி என்ன, தள்ளிவிட ஆள் என்ன, ராஜ உபசாரம்! உள்ளே அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தபால் ஓட்டும்மா. இங்க போட முடியாது" என்றார்.

"எனக்கு எதுக்குங்க தபால் ஓட்டு? நான்தான் நேர்லயே வந்துட்டேனே!"

எனக்கு ரத்தம் கொதித்தது. கார்டு கையில் இருக்கிறது, ஆள் எதிரில் இருக்கிறாள், விரலில் மை இல்லை. இன்னும் என்னதான் சாட்சி வேண்டும் என்று கத்தினேன். "போடாட்டியும் ரூல் அதுதான் சார். வீட்லேர்ந்தே போடுறேன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே" என்றார் அவர்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "என்னைய ஒரு வார்த்தை கேட்டியாடா?"

திரும்பும்போது சாய்தளத்தில் நாற்காலியை என்னைத் தள்ளவிடவில்லை.

அந்த ரூலின் மீது எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று பேனாவைத் திறந்தால், அக்காவின் மை படாத அந்த விரல்தான் முன்னால் வந்து நிற்கிறது.