அவர் தந்த கற்கண்டு

பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வாய் வறண்டுகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் பென்ஷன் வேலையாகக் கடலூர் போகும்போதெல்லாம் கற்கண்டு வாங்கி வருவார்.

"வாயில அடக்கிக்கோ, எச்சி ஊறும்" என்று அவரே எடுத்துத் தருவார். தூங்கும்போதுகூட என் கன்னத்தில் ஒரு துண்டு கிடக்கும்.

ஒருநாள் இட்லி தின்னும்போது பல் ஒன்று ஈறோரமாக முறிந்து கையோடு வந்தது. சிதம்பரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என் வாயை வெகுநேரம் பார்த்தார்.

"ஈறு இறங்கி வேர் வெளிய தெரியுதும்மா. எச்சிலும் சுரக்கல. கிருமிங்க வேரையே அரிச்சிடுச்சி. ஏதாவது இனிப்பு அடக்கி வெச்சிப்பீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நாந்தாம்மா குடுத்தேன்" என்றார், பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர். சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கீழ்வரிசைப் பல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அதுகூடப் பழகிவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தே சாப்பிட்டவர்கள் நாங்கள். இப்போது நான் சோற்றைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கினால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். கூப்பிட்டால், "நீ சாப்புடு, வரேன்" என்கிறார்.

நான் முடிக்கும்வரை வருவதில்லை.