தாய் உணவகமும் என் வலது கண்ணும்

சர்க்கரை நோயாளியாக இருப்பது ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லாத வேலை. இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் என் சக ஊழியர்கள் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு இடது கண் சின்ன வயசிலிருந்தே மங்கல், வலது கண்ணில் புரை. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை வேதத்தை என் வீட்டுக்காரர்தான் வாசித்துக் காட்டினார். புருஷர்களுக்குப் புத்தி சொல்லும் இடம் வந்தால் மட்டும் அவருக்கு இருமல் வரும். இருமி முடிக்கும்போது பக்கம் மாறியிருக்கும். சீக்கிரம் கண்ணைக் கொடும் ஆண்டவரே என்று தினமும் ஜெபித்தேன்.

எல்லாம் காய்கறிதான்

ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் என் மகள் ஷீபா, “தாய்லாந்து சாப்பாடு முழுக்க இலை, காய்தாம்மா. உனக்குன்னே செஞ்ச மாதிரி” என்று, ஆராதனை முடிந்ததும் மேடவாக்கத்தில் ஓர் உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். மெனு எனக்கு மங்கலாகத் தெரிந்ததால் அவளே வாசித்து, அவளே ஆர்டர் பண்ணினாள்.

பப்பாளிக்காய் சாலட் வந்தது. காய் எனக்கு நல்லதுதானே என்று வாயில் வைத்தால், கல்யாண வீட்டு இனிப்புப் பச்சடி! அடுத்து வந்த பச்சைக் குழம்பும் தித்தித்தது. பரிமாறுகிறவரிடம் கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“சர்க்கரையை நாங்க தொடவே மாட்டோம்மா. எல்லாத்துக்கும் பனைவெல்லம்தான்!”

பக்கத்து மேசை

வெல்லம் நல்லதுதானே என்று ஷீபா மறுபடியும் கூட்டிப்போனபோது பக்கத்து மேசையில் எங்கள் சபை சாமுவேல் பிரதர். என்னைவிடச் சீனியர் சர்க்கரைக்காரர். அவர் முன்னால் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டுச் சோறு, மேலே மாம்பழம். கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். நீளத்தைப் பார்த்தால் சோற்றுக்கு மட்டுமான ஜெபமாகத் தெரியவில்லை. “இது ஆகுமா பிரதர்?” என்றேன்.

“மாத்திரையும் போட்டாச்சு, ஜெபமும் பண்ணியாச்சு. இதுக்கு மேல ஏறினா அது மருந்துக் கம்பெனி தப்பு சிஸ்டர்!”

ஒரே ஒரு வார்த்தை

எனக்குச் சாப்பாட்டுக்கு முந்தின மாத்திரை. பாஸ்டர் கடைசி ஜெபத்துக்கு எழுந்ததும் விழுங்கினால், உணவகத்தில் தட்டு வரும்போது சரியாக இருக்கும். ஒரு ஞாயிறு அப்படியே விழுங்கினேன். அன்று பார்த்து வெளியூர் ஊழியக்காரர் ஒருவர், “ஒரே ஒரு வார்த்தை” என்று மைக்கை வாங்கினார். அந்த வார்த்தை முடிந்து, கேம்ப் ரோடு நெரிசலையும் தாண்டி உணவகத்தில் உட்கார்ந்தபோது சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து எனக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. ஷீபா கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் துணைக்குப் போயிருந்தார்.

“தம்பி, கொஞ்சம் சர்க்கரை கொடுங்க, சீக்கிரம்!” என்றேன். பரிமாறுகிறவர் இரண்டடி பின்னால் போனார். குழம்பில் அள்ளிக் கொட்டுகிற கை, கேட்டபோது வரவில்லை.

“நீங்க கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாதுன்னு உங்க பொண்ணு போன தடவையே சொல்லிட்டுப் போயிருக்காங்கம்மா!”

கண் வந்தது

நல்லவேளை, சாமுவேல் பிரதர் அன்றும் பக்கத்து மேசையில் அதே மாம்பழச் சோற்றோடு இருந்தார். தட்டையே என் பக்கம் தள்ளினார். ஸ்தோத்திரம் சொல்லவும் நேரமில்லாமல் தின்றேன், நடுக்கம் நின்றது.

ஷீபா பயந்துபோய் வெளிச்சாப்பாட்டையே நிறுத்தினாள். கோதுமை தோசை, கீரை என்று வாரங்கள் ஓடின. சர்க்கரை இறங்கியது, ஆபரேஷனும் முடிந்தது. அதைக் கொண்டாட எங்கே போனோம் என்று நினைக்கிறீர்கள்? அங்கேதான். இந்த முறை மெனுவை நான் வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் எலுமிச்சை பிழிந்து ஆவியில் வேகவைத்த மீன், காளான் போட்ட தெளிந்த சூப். வெல்லம் கிடையாதாம். “இதெல்லாம் புதுசா தம்பி?” என்றேன்.

“எப்பவும் இருக்கும்மா. கடைசிப் பக்கம் வரைக்கும் உங்க பொண்ணு வந்ததில்ல.”

இப்போது வேதத்தையும் மெனுவையும் நானே வாசிக்கிறேன். என் வீட்டார் இரண்டிலும் எனக்குத் தேவையான இடத்தைத்தான் பார்த்துப் பார்த்துத் தாண்டியிருக்கிறார்கள்.