நடக்கிற மிஷினும் நாலு போல்ட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கணபதி ஊர்வலங்கள் எல்லாம் முடிந்து, மழை ஓய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், மும்பை தாராவியில் நடந்தது இது. தோல் பை தைக்கிற ஒரு பட்டறையின் பின்னறையை நான் வாடகைக்கு எடுத்திருந்தேன். குடியிருக்க அல்ல. என் வீடு செம்பூரில், அப்பா அம்மாவோடு. தாராவியில் குடியிருந்தது என் மிஷின்.

நான் ஒரு பள்ளியில் ஓவிய டீச்சர். அது சம்பளம் வருகிற வேலை. இன்னொன்று சம்பளம் வராத வேலை. துத்தநாகத் தகட்டில் ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் அரிக்க விட்டு, மை தடவி, ஈரத் தாளை அதன் மேல் வைத்து அழுத்திப் படம் எடுப்பேன். அந்த அழுத்தத்துக்கு ஒரு பிரஸ் வேண்டும். பக்கவாட்டில் பெரிய சக்கரம், நடுவில் கனத்த இரும்பு உருளை, அதற்கடியில் நகரும் இரும்புப் பலகை. நாலு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்தால்தான் அசையும். மாடி அறையில் வைக்க முடியாது, தளம் தாங்காது. எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில், கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டேன். செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

ஆக, தரைத்தளத்தில், டீச்சர் சம்பளத்துக்குள் அடங்குகிற வாடகையில் ஓர் அறை வேண்டும். மும்பையில் இப்படிக் கேட்டால் புரோக்கர்கள் சிரிப்பார்கள். அப்படியே கிடைத்தாலும் பதினோரு மாதம்தான். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் எழுதிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஓர் ஆளை உட்கார விட்டால் அப்புறம் எழுப்ப முடியாது என்று இடத்தின் சொந்தக்காரர்களுக்குப் பயம். மற்றவர்கள் பெட்டி படுக்கையோடு இடம் மாறுவார்கள். நான் இந்த இரும்பைச் சுமந்துகொண்டு மாஹிமில் ஒரு பழைய கட்டடம், செம்பூரில் ஒரு கராஜ், திரும்பவும் மாஹிமில் ஒரு தையல்கடையின் பின்பக்கம் என்று அலைந்தேன். “எதுக்குடி இதைக் கட்டிண்டு அழறே?” என்று ஒவ்வொரு தடவையும் அம்மா கேட்பாள். நியாயமான கேள்விதான், பதில்தான் கிடையாது.

அலைந்து அலைந்து எனக்குச் சில வியாதிகள் வந்துவிட்டன. சுவரில் ஆணி அடிக்க மாட்டேன். காலண்டரை ஜன்னல் கம்பியில் செருகி வைப்பேன். மடிக்க முடியாத எதையும் வாங்க மாட்டேன். காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருப்பேன், எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று. பாதி ஒப்பந்தம் தாண்டிவிட்டால், சொந்தக்காரர் சாதாரணமாகச் செருமினால்கூட அட்டைப்பெட்டிகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

என் படங்களுக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. எல்லாம் உள்ளங்கை அகலம். பார்த்தவர்கள் ‘என்ன நுணுக்கம்’ என்பார்கள். நுணுக்கமாவது ஒன்றாவது, பயம். நாலு பெரிய தகடுகளில் தனித்தனியாகக் கீறி, சேர்த்து வைத்தால் ஒரே படமாக வரும்படி ஒன்று செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். முன்னால் இரண்டு முறை ஆரம்பித்து, இடம் மாற்றும்போது தகடுகள் உராய்ந்து கெட்டுப்போய், பழைய இரும்புக்காரரிடம் போட்டிருக்கிறேன்.

பிரஸ்ஸைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அதன் நாலு கால்களிலும் ஓட்டைகள் உண்டு, தரையோடு சேர்த்து போல்ட் போடுவதற்கு. எந்தச் சொந்தக்காரரும் அதற்கு ஒப்புக்கொண்டதில்லை. தரையில் ஊன்றியது லேசில் கிளம்பாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் நான் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, பிரஸ்ஸும் தரையில் இழுத்துக்கொண்டு நகரும். பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கால்களுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். செருப்போடு சேர்ந்து நடந்தது. சாயங்காலம் கடப்பாரையால் நெம்பிப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

தாராவியில் எனக்கு அறை கொடுத்தவர் அந்தப் பட்டறையை நடத்துகிற அக்கா. திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் கணவர் பைகளை எடுத்துக்கொண்டு வெளியூர் ஆர்டர்களுக்கு அலைவார், அக்கா தையல் மிஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து பட்டறையை ஓட்டுவார். அதிகம் சிரிக்க மாட்டார். ஆனால் மாலையில் தவறாமல் பின்னறைக் கதவில் வந்து நின்று, “என்ன டீச்சர், ஒங்க மிஷின் இன்னைக்கு எது வரைக்கும் நடந்திருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் பட்டறையைப் பூட்டுவார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அந்த அறையும் பிடித்திருந்தது. அசட்டுத் துணிச்சலில் மறுபடி நாலு புதுத் தகடுகளை வாங்கி வந்து அந்த வேலையை ஆரம்பித்துவிட்டேன். வியாதியஸ்தர்கள் செய்யக்கூடாத காரியம்.

இரண்டு தகடுகள் முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தபோது பதினோரு மாதம் முடிய வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் நாமே ஞாபகப்படுத்தியது போல் ஆகிவிடும், வாடகையை ஏற்றுவார்கள் அல்லது இடம் இல்லை என்பார்கள். இது அனுபவம். அக்காவும் வாயைத் திறக்கவில்லை. மிஷின் எது வரைக்கும் நடந்திருக்கிறது என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். ஒருவரை ஒருவர் பார்க்கும்போது மழையைப் பற்றிப் பேசினோம். மும்பையில் மழையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேச முடியும்?

ஒரு நாள் நான் பள்ளி முடிந்து வந்தபோது, அக்காவும் ஒரு கொத்தனாரும் என் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். கொத்தனார் கையில் டேப். தரையைத் தட்டிப் பார்த்தார். பிரஸ்ஸைச் சுற்றி வந்தார். இந்தியில் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என்னைக் கண்டதும் அக்கா சொன்னார்: “டீச்சர், வெள்ளிக்கெழமக்குள்ள மிஷின கொஞ்சம் ஓரமா எடுத்துருங்க. தரை வேல இருக்கு.”

ஏற்கெனவே கேட்ட வாக்கியம்தான். மாஹிம் சொந்தக்காரரும் இதையேதான் சொன்னார். தரை ரிப்பேர், ஒரு வாரம் வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு வாரம் கழித்துப் போனால் புதுப் பூட்டு, உள்ளே மொபைல் கடைக்காரரின் பெட்டிகள். எனக்கு இது புதுசா என்ன? “சரி அக்கா” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே போகும்படி ஒருவர் சொல்வதைக் கேட்பதைவிட நாமே போய்விடுவது கௌரவம் என்று ஒரு வறட்டு நினைப்பு.

அன்று இரவெல்லாம் படுக்கையில் புரண்டேன். ஊருக்கு வெளியே நெருளில் இருக்கிற தோழிக்கு போன் போட்டு, அவள் கட்டடத்தில் மூடிய பார்க்கிங் இடம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே தாராவிக்குப் போனேன். அக்கா வெளியே போயிருந்தார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். சக்கரத்தைக் கழற்றினேன். உருளையை இறக்கக் கூலிக்கு நாலு பேர் பிடித்தேன். பேசி வைத்த டெம்போ பெரிய ரோட்டில் நின்றது, சந்துக்குள் வராது, அதனால் அதுவரை ஒரு கைவண்டி. சுமை ஏற்றி இருபதடிகூடப் போயிருக்க மாட்டோம், எதிரே தோல் கட்டுகளோடு ஒரு வண்டி. பின்னால் தண்ணீர்க் கேன்கள். முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் மொத்தச் சந்தும் என் இரும்பால் அடைத்துக்கொண்டது. எல்லாரும் எல்லா மொழிகளிலும் என்னைத் திட்டினார்கள். தூறல் வேறு. நான் தகடுகளை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

அப்போதுதான் அக்கா வந்தார். பின்னால் ஓர் ஆள் தலையில் சிமென்ட் மூட்டை. அக்கா கையில் கனத்துத் தொங்குகிற ஒரு பிளாஸ்டிக் பை. வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன டீச்சர் இது? ஓரமா எடுத்து வைங்கன்னா தெருவுலயா எடுத்து வைப்பிய?”

“நெருளுக்குக் கொண்டு போறேன் அக்கா. தரை வேலைன்னு சொன்னீங்களே. காலி பண்ணச் சொல்றீங்கன்னு புரிஞ்சுபோச்சு.”

அக்கா பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, வண்டியில் கிடந்த இரும்புப் பலகை மேல் வைத்தார். ணங்கென்று சத்தம் கேட்டது. கட்டைவிரல் தடிமனுக்கு நீளமான ஒரு போல்ட். அப்புறம் இன்னொன்று. நாலையும் வரிசையாக வைத்தார்.

“எம் மிஷினு எல்லாம் மேச மேல நிக்கி. இத நான் எதுல மாட்டப் போறேன்? சொல்லுங்க பாப்போம்.”

நான் போல்ட்டுகளையும் பிரஸ்ஸின் கால் ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“ஒரு வார்த்த கேக்கப்படாதா?” என்றார். அது கோபம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் ரோஷம் வந்தது. “நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா. அக்ரிமென்ட் முடியுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். நான் கேக்கப் போயி, இல்லக்கா நான் கெளம்புதேன்னு நீங்க சொல்லிட்டா? அந்தப் பயத்துலதான் வாயத் தொறக்காம கெடந்தேன்.”

தோல் வண்டிக்காரர் எங்களைப் பார்த்து இந்தியில் தலையில் அடித்துக்கொண்டார். நனைந்துகொண்டே அக்கா மீதியைச் சொன்னார்.

“தாராவிய இடிச்சுப் புதுசா கட்டப் போறாவல்லா, அதுக்குள்ள சர்வே ஆளுவ பக்கத்து சந்து வரைக்கும் வந்துட்டாவ. உள்ள என்ன தொழில் நடக்கு, என்ன மிஷின் இருக்குன்னு பாக்குதாவளாம். பொட்டி அடுக்கியிருந்தா குடோன்னு எழுதிட்டுப் போயிருவாவ, மாத்து எடம் கெடைக்காதுன்னு இங்கன எல்லாரும் சொல்லுதாவ. நெசமோ பொய்யோ, யாரு கண்டா. தரையில ஊணின மிஷினப் பாத்துட்டு, இங்க தொழில் இல்லன்னு எவனாவது சொல்லுவானா? நீங்க போயிட்டா இந்தப் பொறத்தால ரூம நான் எதக் காட்டிக் காப்பாத்த?”

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சப்பென்று போய்விட்டது. என் படங்களுக்காகத்தான் அந்த போல்ட்டுகள் என்று மனசு அதற்குள் பறந்திருந்தது. அடுத்த நொடியே வேறொன்று தோன்றியது. வெறும் பிரியத்தில் வாங்கியிருந்தால் நான் பயந்திருப்பேன். பிரியம் பதினோரு மாதத்தில் தீர்ந்துபோவதை நிறையப் பார்த்தவள் நான். இவருக்கோ நான் வேண்டும். என்னைப் போலவே இவரும் கதவுக்குப் பின்னால் ஏதோ ஓர் அட்டைப்பெட்டியைச் சாத்தி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக என் தோள்கள் இறங்கின.

பிறகு என்ன, திருப்பித் தள்ளியதுதான். சற்றுமுன் திட்டியவர்கள்தான் கை கொடுத்தார்கள், வழி கிடைத்தால் போதும் என்று. டெம்போ டிரைவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்து தரையைக் குடைந்து போல்ட்டுகளை நிறுத்தி சிமென்ட் போட்டார். அது இறுகும் வரை பிரஸ்ஸைத் தொடக்கூடாது. அந்த நாட்களில் நான் இருப்புக்கொள்ளாமல் தினமும் போய் ஈரச் சிமென்ட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் தடவை சக்கரத்தைச் சுற்றியபோது தடுமாறிவிட்டேன். எப்போதும் என்னோடு சேர்ந்து நகரும் பிரஸ், அன்று அசையாமல் நின்றது. என் பலம் முழுவதும் உருளைக்குப் போனது. தாளைத் தூக்கிப் பார்த்தேன். நான் அதுவரை எடுத்த எந்தப் படத்திலும் கறுப்பு அப்படி ஆழமாக விழுந்ததில்லை. அழுகை வந்துவிட்டது. கதவில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“என்ன டீச்சர், இன்னைக்கு நடக்கலியோ?”

“நடக்கல அக்கா.”

சர்வே ஆட்கள் வந்தார்கள். இது என்ன மிஷின் என்று என்னைக் கேட்டார்கள். கலை, அச்சு என்று நான் இந்தியில் விளக்க ஆரம்பிக்கும் முன்பே அக்கா “தந்தா ஹை” என்று முடித்துவிட்டார், தொழில் என்று. கதவில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், எங்கே இடம் கிடைக்கும், கிடைக்குமா என்பதெல்லாம் இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. புது அக்ரிமென்ட்டில் அஞ்சு வருஷம் போடலாமா அக்கா என்று கேட்டேன். “கட்டடம் அஞ்சு வருஷம் இருக்குமா டீச்சர்?” என்று திருப்பிக் கேட்டார். கடைசியில் அஞ்சு என்றே போட்டு, பட்டறைக்கு எங்கே மாற்று இடம் கொடுத்தாலும் அதில் இந்த மிஷினுக்கும் இடம் உண்டு என்று ஒரு வரி சேர்த்தோம். எழுதித் தந்த ஏஜென்ட், இப்படி ஒரு வரியை எந்த அக்ரிமென்ட்டிலும் பார்த்ததில்லை என்று சிரித்தார்.

நாலு தகடுகளின் படம் முடிந்துவிட்டது. சேர்த்து வைத்தால் ஒரு கதவு அகலம் வரும். என் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது, ஆணி அடித்தது அக்கா. அட்டைப்பெட்டிகளை அவர் பைகள் கட்டி அனுப்ப எடுத்துக்கொண்டார். என் பதற்றம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். தெருவில் புல்டோசர் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து வாசல் வரை போய்ப் பார்ப்பேன், அக்காவும் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு உள்ளே வந்து, சக்கரத்தில் கை வைக்கும் முன் செருப்பைக் கழற்றி அந்த போல்ட்டைக் காலால் ஒரு தரம் தொட்டுப்பார்ப்பேன். நான் போய்விடுவேனோ என்று பயந்து ஒருத்தி தூறலில் சுமந்து வந்த இரும்பு அது என்ற நினைப்பு, எந்த அக்ரிமென்ட்டும் தராத தைரியத்தை எனக்கு இன்றும் தருகிறது.