புல் த்ரூன்னு சொல்லிட்டுப் போனாரு டாக்டரு

குபு குபு குபுன்னு ஒரு சத்தம்…

ஆக்சிஜன் சிலிண்டர்ல ஒரு பாட்டில் மாட்டியிருப்பாங்க. அதுல தண்ணி கொதிக்கிற மாதிரி குமிழி குமிழியா வந்துக்கிட்டே இருக்கும். இன்னிக்கும் மீன் தொட்டி வச்சிருக்கிற வீட்டுக்குப் போனா எட்டத்தான் உக்காருவேன்.

எழுபத்தெட்டோ எழுபத்தொம்போதோ… எனக்குப் பத்தொம்போது வயசு. அப்பா மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தாரு. நெஞ்சுல சளி கட்டி மூச்சு விட முடியல. முதலியார்பேட்டையிலேந்து டாக்சி வச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து சேத்தோம். நியூமோனியான்னாங்க. கண்ணே தொறக்கல.

டாக்டர் வடக்கத்திக்காரரு. தமிழ் ஒரு வார்த்த வராது. எங்க குடும்பத்துல பி.யூ.சி. படிச்சவ நான் ஒருத்திதான். அவரு எது சொன்னாலும் அம்மாவும் அத்தையும் உடனே என் மூஞ்சியப் பாப்பாங்க.

அத்தைன்னா அப்பாவோட அக்கா. பாகூர் பக்கம் கிராமம். சேதி கேட்டதும் ஒரு மஞ்சப்பையோட பஸ் புடிச்சு வந்துட்டாங்க. அந்தப் பைய மடியவிட்டு எறக்கவே இல்ல. உள்ள என்னன்னு அம்மா கேட்டதுக்கு "ஒண்ணுமில்ல"ன்னுட்டாங்க.

அத்தைக்கு ஆஸ்பத்திரின்னாலே சந்தேகம். ஊசி போட்டா, "எதுக்கு இத்தினி ஊசி?" படிக்கிற புள்ளைங்களோட டாக்டர் வந்தா, "ஏன் எல்லாரும் இவனையே சுத்தி நிக்கிறாங்க? எதையோ மறைக்கிறாங்கடி…"

கேட்டுக் கேட்டு எனக்கும் அது தொத்திக்கிச்சு. நர்ஸுங்க ரெண்டு பேரு மெதுவா பேசுனாக்கூட அப்பாவப் பத்தித்தான்னு தோணும்.

அன்னிக்கு சாயங்காலம் ரவுண்ட்ஸ். டாக்டர் அப்பா நெஞ்சுல ஸ்டெத்தாஸ்கோப் வச்சுப் பாத்தாரு. என் பக்கம் திரும்பி, "ஹி வில் புல் த்ரூ"ன்னாரு. அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு.

"இன்னாடி சொன்னாரு?"

புல்… பேங்க் கதவுல எழுதியிருக்குமே, அந்த புல். இழு. த்ரூன்னா ஊடால. பரீட்சைக்கு நான் படிச்ச இங்கிலீஷுல வெர்ப் ஒரு பாடம், ப்ரிப்பொசிஷன் இன்னொரு பாடம். ரெண்டும் சேந்துட்டா அர்த்தமே மாறிப்போயிடும்னு யாரும் சொல்லித் தரல.

நம்ம ஊர்ல யார இழுத்துக்கிட்டு கிடக்காருன்னு சொல்லுவோம்? சாகக் கிடக்கறவரத்தானே…

"இழுத்துக்கிட்டு இருக்காராம் அத்தை…"ன்னேன். அம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

பக்கத்துக் கட்டில்ல ஒரு சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு. அவரு வீட்டம்மா எங்கள பாத்துக்கிட்டே இருந்தாங்க. எழுந்து வந்து என் கையப் புடிச்சாங்க.

"அழாதம்மா. பிரெஞ்சுலயும் இதே பேச்சு உண்டு. 'இல் வா சான் திரே'ம்போம். திரேன்னா இழுக்கறதுதான். ஆனா, இக்கட்டுலேந்து தன்னையே இழுத்துக்கிட்டு வெளிய வந்துடுவாருன்னு அர்த்தம். உங்கப்பா பொழச்சிக்குவாரு."

நம்பணும்னு ஆசைதான். அந்தம்மா அந்தாண்ட போனதும் அத்தை என் காதுல, "அவங்களுக்கு பிரெஞ்சுதான தெரியும்? இவரு பேசுனது இங்கிலீஷு. நம்ம மனசத் தேத்துறதுக்குச் சொல்லிட்டுப் போவுது"ன்னாங்க.

அதுவும் சரின்னுதான் பட்டுச்சு. நர்ஸுகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். பயம்… நெசமாவே அதான்னு சொல்லிட்டா?

மறுநாள் காலையில டாக்டர் வந்து பாத்தாரு. நர்ஸுகிட்ட, "டேக் ஹிம் ஆஃப் ஆக்சிஜன்"னாரு.

டேக்னா எடு. செத்த வீட்டுலதானே, எப்ப எடுக்குறாங்கன்னு கேப்பாங்க…

"அத்தை, எடுக்கச் சொல்றாரு…"

நர்ஸ் மாஸ்க்குல கைய வச்சதுதான் தாமசம். அத்தை பாஞ்சு வந்து அவங்க கையத் தட்டிவிட்டுட்டாங்க. "உசுரு இருக்கறப்பவே எடுக்கப் பாக்குறீங்களாடி!"ன்னு கத்திக்கிட்டே மாஸ்க்க அப்பா மூஞ்சியோட சேத்து அழுத்திப் புடிச்சுக்கிட்டாங்க. வார்டே எழுந்து நின்னுச்சு. டாக்டருக்கு ஒண்ணுமே புரியல.

அப்பத்தான் அப்பா கை மேல வந்துச்சு. அத்தை மணிக்கட்டப் புடிச்சு மெதுவா தள்ளுனாரு. கண்ணு பாதி தொறந்திருந்துச்சு.

"அக்கா… கைய எடு… மூச்சு முட்டுது…"

அத்தை அழுததுல நர்ஸும் அழுதுட்டாங்க. "தன்னால மூச்சு விடறாருங்க, இனிமே ஆக்சிஜன் வேணாம்னுதான் டாக்டர் சொன்னாரு"ன்னு அந்த நர்ஸே வெளக்குனாங்க. அப்புறம் சிலிண்டர மூடுனாங்க. சத்தம் நின்னுச்சு. நாங்க எல்லாரும் அப்பா நெஞ்சு ஏறி எறங்குறதையே பாத்துக்கிட்டு நின்னோம்.

வீட்டுக்கு அனுப்புற அன்னிக்கு அத்தை மஞ்சப்பையிலேந்து ஒரு புது வேட்டிய எடுத்தாங்க. "போறப்ப கட்டிக்கட்டும்னு வாங்கியாந்தேன்"னாங்க. அது செத்தா கோடி போட வாங்கியாந்ததுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அப்பா கரையத் தடவிப் பாத்துட்டு, "நல்ல வேட்டிக்கா"ன்னாரு.

அப்புறம் ரொம்ப வருஷம் இருந்தாரு அப்பா. என் பொண்ணு பள்ளிக்கூடம் போறதெல்லாம் பாத்துட்டுதான் போனாரு.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. இப்ப டாக்டர் நம்ம ஊரு புள்ள, நல்லா தமிழ் பேசுறாரு. ஸ்கேன் பாத்துட்டு, "பாக்கலாம்மா"ன்னாரு.

எனக்குத் திக்குன்னுச்சு. பாக்கலாம்னா ஒண்ணு, பாத்துக்கலாம்னா வேற. நம்ம தமிழ் மட்டும் லேசுப்பட்டதா?

"தம்பி, பாக்கலாமா… பாத்துக்கலாமா? தெளிவா சொல்லிடுங்க"ன்னேன்.

அவரு சிரிச்சுட்டாரு. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, ஒரு தாள்ல படம் போட்டு எந்த ரத்தக்குழாயில அடைப்பு, என்ன செய்யப் போறோம்னு பொறுமையா சொன்னாரு. வீட்டுக்காரரு இப்ப பீச்சுல வாக்கிங் போறாரு.

அந்த வடக்கத்தி டாக்டரும், ஒரு வார்த்த கேட்டிருந்தா இதே மாதிரி உக்காந்து சொல்லியிருப்பாரோ என்னவோ… நல்ல மனுஷன்தான். ஆனா டாக்டர்கிட்ட கேள்வி கேக்கலாம்னே அப்ப எங்களுக்குத் தெரியாது.